ஒரு கிலோ அதிகம்

ஐப்பசி மாதம் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. தூறல் நின்று கால்மணி நேரம் ஆகியும் தெருவில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என்னைச் சேர்த்து ஆறு பேர் இருந்த இடத்தில், நான் என் தாய்மாமனைத் திருடன் என்று சொன்னேன். எனக்கு அப்போது வயது பதினொன்று, மாதம் ஏழு.

சொன்னது சரிதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கணக்கு என் பக்கம் இருந்தது. இன்று அறுபத்தோரு வயதாகிறது. முப்பத்தொரு ஆண்டு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றாயிற்று. கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. முதலில் மாமாமேல் இருந்தது, பிறகு அப்பாமேல் போயிற்று, அப்புறம் அம்மாமேல். இப்போது எங்கே இருக்கிறது என்பதை இதை எழுதிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுதத் தூண்டியவன் விழுப்புரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பையன். போன மாதம் அவனிடம் விலை குறைந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று கேட்டேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். எடை எவ்வளவு என்றேன். "வெயிட்டா? அங்கிள், இது இன்னா கோழிக்கறியா? வாட்ஸ் எவ்ளோன்னு கேளுங்க" என்று சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் எடை கேட்டுத்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதனை இழந்தோம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? வாங்காமல் வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு வேலை எடை போடுவது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் வந்து ஏலம் போகிற விற்பனைக்கூடத்தை ஊரில் கமிட்டி என்பார்கள். அங்கே பத்தொன்பது ஆண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். எதைப் பார்த்தாலும் கையில் தூக்கிப் பார்ப்பார். கத்தரிக்காயை, கல்யாணப் பத்திரிகையை, என் பள்ளிக்கூடப் பையை. தூக்கிவிட்டு ஓர் எண் சொல்வார். நான் உடனே தராசில் வைத்துப் பார்ப்பேன். அவர் அதிகபட்சம் பத்து கிராம்தான் தவறியிருப்பார். வீட்டுக் கூடத்து உத்தரத்தில் அவருடைய பழைய தராசு ஒன்று எப்போதும் தொங்கும்.

அந்த ஆண்டு அப்பாவுக்குச் சீட்டுப் பணம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரியில் சொல்தா வீடு ஒன்றைக் காலி செய்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீடு. அங்கிருந்து ரெக்கார்டு பிளேயர் ஒன்று தொண்ணூறு ரூபாய்க்கு வந்தது. தட்டு சுற்றும், ஊசி நன்றாக இருக்கும், ஆனால் சத்தம் வராது. உள்ளே ஆம்ப்ளிஃபையர் செத்துவிட்டது என்று மாமா சொன்னார். தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் சேர்த்துவிட்டால் ஸ்டீரியோ ஆகிவிடும், திண்டிவனத்தில் எந்த வீட்டிலும் இல்லாத செட்டாக இருக்கும் என்றார்.

மாமா, அம்மாவின் தம்பி. அப்போது இருபத்தாறு வயது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் எட்டுக்கு ஆறு அடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாத வாடகை நின்றிருந்தது. தீபாவளிக்குள் கடை தலையெடுக்காவிட்டால் கமிட்டிக்கு மூட்டை தூக்க வந்துவிட வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். அதே அப்பாதான், மாமா செய்கிற ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருந்தால் தான் வாங்குவதோடு, கமிட்டியில் ஏலம் கூவ ஒன்று வேண்டும் என்கிறார்கள், அதையும் அவனுக்கே சொல்லிவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். ஆக, மாமாவின் கடை பிழைப்பதும் மூடுவதும் ஒரு பெட்டியில் இருந்தது.

ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்ய மரம் வாங்கினால் கட்டாது. டீக்கடைகளில் செய்வதுபோல் பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துவிட்டால் போதும், அடிச்சத்தம் கும்மென்று வரும் என்று மாமா இரண்டு பானை வாங்கி வந்தார். அப்பா பானைகளையும் எடை போட்டார். ஒன்று இரண்டு கிலோ நூறு, மற்றது இரண்டு கிலோ முப்பது. எழுபது கிராம் வித்தியாசம் இருக்கிறதே, ஒரு காதில் குறைவாகக் கேட்காதா என்று பானைக்காரரிடம் திரும்பப் போய்ச் சண்டை பிடித்தார். பானைக்காரர் இதுவரை பானையை யாரும் காதில் மாட்டிக்கொண்டதில்லை என்றாராம்.

ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அப்பா கேட்டபோது, மாமா தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டார். "எடையப் பாருங்க மாமா. டிரான்ஸ்பார்மரு எவ்ளோ கனமோ அவ்ளோ நல்லது. லேசா இருந்தா நாலு மாசத்துல பொகைஞ்சிடும்" என்றார். அக்காள் புருஷனும் மாமாதான் என்பதால் அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை எடைபோடுகிறவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பாட்டும் ஸ்டீரியோவும் அவருக்குப் புரியாமல் இருந்தன, இப்போது புரிந்துவிட்டது.

மறு ஞாயிறே என்னை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போனார். அங்கே ஒரு கடையில் தயாராகச் செய்த ஆம்ப்ளிஃபையர் இருந்தது. தகரப் பெட்டி, வெள்ளி நிறத்தில் நாலு திருகு, பச்சை விளக்கு. விலை இருநூற்றுப் பதினாறு, ஒரு காசு குறையாது என்றார்கள். அப்பா அதைப் பாட வைத்துக் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்குப் போனார். கடைக்காரர், எங்கே ஓடிவிடப் போகிறாரோ என்று பின்னாலேயே வந்தார். நாலு கிலோ எண்ணூறு. அங்கேயே நான் கணக்குப் போட்டேன். கிலோ நாற்பத்தைந்து ரூபாய்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முறையைச் சொன்னார். மாமாவின் ஆம்ப்ளிஃபையரையும் எடை போடுவோம். கிலோ விலை எது குறைவோ அதை எடுப்போம். சொந்தம் என்பதற்காகக் கூடவோ குறையவோ இல்லை. எனக்கு அந்த நியாயம் மிகவும் பிடித்திருந்தது.

செய்தி கேட்ட மாமா அன்று மாலையே வீட்டுக்கு ஓடி வந்தார். தன் பெட்டி மரம், அவர்களுடையது இரும்புத் தகரம், பெட்டியோடு நிறுத்தால் எப்படி நியாயம் என்றார்.

"மல்லாட்டையத் தோலோடதான மச்சான் எடை போடறோம்" என்றார் அப்பா.

"வியாபாரி உரிச்சிப் பாத்துதான மாமா வெலை சொல்றான்?"

"உரிக்கிறது அவன் வேல. என் வேல எடை."

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் முன்னிலையில் எடை என்று முடிவாயிற்று. கமிட்டிக்கும் அவர்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமா கடையில்தான் இருந்தேன். அவர் பற்றவைப்பார், நான் எழுதுவேன். ஒவ்வொரு பொருளையும் பெட்டிக்குள் போகுமுன் பக்கத்துப் பலசரக்குக் கடையில் நிறுத்துக் குறித்துக்கொண்டேன். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கிலோ தொள்ளாயிரம், மரப்பெட்டி ஒரு கிலோ ஐம்பது, சூடு தணிக்கும் அலுமினியத் தகடுகள் முந்நூற்றைம்பது, மற்றதெல்லாம் சேர்த்து நானூறு. மொத்தம் மூன்று கிலோ எழுநூறு. மாமா சொன்ன விலை நூற்று எண்பத்தைந்து. அதில் அவருக்கு நின்றது பதினெட்டு ரூபாய்தான் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. கிலோ ஐம்பது ரூபாய். தோற்றுவிட்டார்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மாமா ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று போனார். இரவு எங்கே போனாலும் அதைக் கூடவே கொண்டுபோகிறவர். காலையில் மழையில் நனைந்துவிடும், இங்கேயே இருக்கட்டும் என்று அம்மாதான் சொன்னாள்.

அவர் போனபிறகு அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கணக்கு என்ன ஆயிற்று என்றாள். தோற்பார் என்றேன்.

"எவ்ளோ கொறையுதுடா?"

"நானூத்திப் பன்னண்டு கிராம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அரைக்கிலோ கல்லு ஒண்ணு கூட இருந்தா மாமா ஜெயிச்சிடுவாரு. ஒரு கிலோ கல்லுன்னா ஜோரா ஜெயிச்சிடுவாரு" என்றேன். கேட்டதற்குச் சரியான விடை சொன்ன பெருமையோடு சொன்னேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மா என்னைக் காபித்தூள் வாங்க அனுப்பினாள். டப்பாவில் பாதிக்குமேல் தூள் இருந்தது. சொன்னேன். "போடான்னா போ" என்றாள். அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அப்பா தராசுத் தட்டைத் துடைத்து, முள் நேராக நிற்பதைக் கமிட்டிக்காரர்களுக்குக் காட்டி, ஆம்ப்ளிஃபையரைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு கணம் நின்றார். வழக்கமாகத் தூக்கியதும் எண் சொல்கிறவர் அன்று சொல்லவில்லை. தட்டில் வைத்துவிட்டு எடைக்கற்களை அடுக்கினார். இரண்டு, இன்னொரு இரண்டு, அரை, இருநூறு. முள் நடுவில் நின்றது.

நாலு கிலோ எழுநூறு.

கமிட்டிக்காரர் ஒருவர் மாமாவின் முதுகில் தட்டினார். கிலோ முப்பத்தொன்பது ரூபாய் முப்பத்தாறு காசு. விழுப்புரம் ஐந்து ரூபாய்க்குமேல் பின்னால் போய்விட்டது. மாமா சிரித்த சிரிப்பில் தராசைவிட அவருக்கே அதிக ஆச்சரியம் இருந்தது. அதை நான் அன்று நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று கிலோ எழுநூறு. தராசில் நாலு எழுநூறு. சரியாக ஒரு கிலோ அதிகம். என் கணக்கு தப்பாக இருக்க முடியாது. நான் எழுந்து நின்று, பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது, திறக்க வேண்டும் என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் "சும்மா இர்றா" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. பின்பலகையில் நாலு திருகாணி. மூன்று அமர்ந்திருந்தன, ஒன்று பாதியில் நின்றது, அதன் தலையில் கத்தி கீறிய தடம் இருந்தது. அதையும் காட்டினேன்.

மாமா தன் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தார். "தெறந்து பாரு மருமவனே. உன் கண்ணால பாரு" என்றார், இன்னும் சிரித்துக்கொண்டே. அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், பழைய வாயில் ரகப் புடவைக் கிழிசலால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, ஒரு கிலோ எடைக்கல் இருந்தது. அடியில் பழைய முத்திரை. எங்கள் வீட்டுக் கல். முத்திரைக் காலம் முடிந்து கமிட்டியில் செல்லாமல் போனதை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரத்துக்கு இருக்கும். கட்டிய துணியும் எங்கள் வீட்டுத் துணி. நீலத்தில் இரண்டு சிவப்புக் கோடு ஓடும் கரை. பொங்கல் சீராக மாமா அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்துப் பழசாகிக் கிழித்த புடவை.

"இது எங்க வூட்டுக் கல்லு. மாமா திருடிட்டாரு. மாமா திருடன்" என்றேன்.

கமிட்டிக்காரர்களில் இன்னொருவர், "இன்னாபா, உன் ரேடியோல கல்லு கூடப் பாடுமா?" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மாமா குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். கல்லைப் பார்த்தார். துணியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். அவள் வாயைத் திறந்தாள்.

"உள்ள போக்கா. கொழம்பு தீயுது பாரு" என்றார் மாமா. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "ஆமா மாமா. நான்தான் வெச்சேன்" என்றார்.

குழம்பு எதுவும் தீயவில்லை. அன்று அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. நான் காபித்தூளோடு திரும்பியபோதும் சாம்பல் அள்ளாமல் கிடந்தது. திருடியதும் இல்லாமல் பொய்யும் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லை வாங்கி உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எடுத்துக்கினு போய் ஊறுகா ஜாடி மேல வெய்யிடா" என்றார்.

வைத்தேன். ஜாடி மேல் ஒரு செங்கல் இருந்தது. அதை இறக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டியிருந்தது. செங்கல் ஈரமாக இருந்தது.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது மாமா நாலு திருகாணியையும் அமரத் திருகிக்கொண்டிருந்தார். கீழே கிடந்த துணிக்கிழிசலை எடுத்து, முடிச்சுகளை அவிழ்த்து, சுருட்டித் தன் வெள்ளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபையரைக் கோணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். தெருவில் தண்ணீர் தேங்கிய இடத்தில் பெட்டி நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனது தெரிந்தது.

கமிட்டிக்கு அவரைச் சொல்ல யாரும் இல்லாமல் போயிற்று. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு கடை மூடியது. மூட்டை தூக்க அவர் வரவில்லை. வானூர்ப் பக்கம் வயரிங் ஆட்களோடு போய்விட்டார். ஒன்பது ஆண்டு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவுக்குப் புடவை மட்டும் யார் கையிலாவது வந்து சேரும். அம்மா அதை அடுப்படியில் வைத்துப் பிரிப்பாள்.

மறு ஞாயிறு விழுப்புரம் போய், பச்சை விளக்குப் பெட்டியை வாங்கிவந்தோம். பானைகள் இரண்டிலும் சத்தம் வந்தது. ஐந்தாவது மாதம் ஒரு நாள் பாட்டுக்கு நடுவே புகை வந்தது. அப்பாவே திறந்தார். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தராசில் வைத்தோம்: எழுநூறு கிராம். மீதி முழுக்கத் தகரம். அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உரிச்சிப் பாத்திருக்கணும்" என்றார். அந்த வீட்டில் அந்த விஷயமாக யாரும் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். மாமாவின் ஆம்ப்ளிஃபையரை மயிலத்தில் பஸ் நிற்குமிடத்து டீக்கடைக்காரர் நூற்றறுபதுக்கு வாங்கியிருந்தார். நான் கல்லூரிக்குப் போய்வந்த காலம் வரைக்கும் அது அங்கே பாடிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கும்போதெல்லாம் கேட்பேன். துளி இரைச்சல் இருக்காது.

எனக்கு எப்போது விளங்கியது என்று தேதி எழுதிவைக்கவில்லை. நான் எழுதாத தேதி அது ஒன்றுதான். விளங்கியபோது வந்தது வருத்தமில்லை, ஆத்திரம். மாமா போனது சனிக்கிழமை ஆறரை மணிக்கு. அன்று இரவு எட்டு மணிக்குக் கேப்பைக் கூழுக்கு மாங்காய் ஊறுகாய் எடுக்க அந்தக் கல்லை ஜாடியிலிருந்து இறக்கி, எடுத்தபின் திரும்ப வைத்தவன் நான். என் கையால். மறுநாள் ஒன்பது மணிவரை மாமா அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு கிராம்வரை கணக்குப் போட்ட எனக்கு இந்தக் கூட்டல் வரவில்லை. மாமா பெட்டியோடு படி இறங்கியபோது அந்தக் கூடத்தில் உண்மை தெரியாதவர்கள் நானும் கமிட்டிக்காரர்கள் இருவரும்தான். பெரியவர்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது, என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கலாம் என்றால் மூவரும் இப்போது இல்லை.

அந்த நோட்டுப் புத்தகம் எதிரில் விரிந்து கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் பதினொரு வயதுக் கையெழுத்து, பென்சிலில், அழுத்தி எழுதியது:

ரெக்கார்டு பிளேயர் 90.00. ஸ்பீக்கர் இரண்டு 56.00. பானை இரண்டு 3.00. வயர் 4.40. விழுப்புரம் பஸ், இரண்டு தடவை, ஒரு முழு டிக்கெட் ஓர் அரை டிக்கெட் 9.60. ஆம்ப்ளிஃபையர் 216.00. துணி 1. மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் துணி. திருப்பித் தரவில்லை.

துணிக்கு எதிரே விலை போடாமல் விட்டிருக்கிறேன். அடியில் இரட்டைக் கோடு. மொத்தம் முந்நூற்று எழுபத்தொன்பது ரூபாய்.